மூன்று மதிப்பெண்

தேவை 500. கிடைத்தது 497.

1941-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கிரேட் பெண்ட் என்ற சிற்றூரில் வளர்ந்த ஜாக் கில்பி என்ற பையன் எம்.ஐ.டி.யின் நுழைவுத் தேர்வை எழுதினான். மூன்றே மூன்று மதிப்பெண்ணில் இடம் போயிற்று. பொறியியல் என்றாலே உலகம் முதலில் உச்சரிக்கும் அந்தப் பெயர், அவனுடைய சான்றிதழில் கடைசிவரை ஏறவே இல்லை.

நம் வீடுகளில் இந்த மூன்று மதிப்பெண் என்ன பாடு படுத்தும் என்று உனக்குத் தெரியும். கட்-ஆஃபில் அரைப் புள்ளி குறைந்ததற்காக வீடே சாவு வீடு மாதிரி ஆகிவிடும். கலந்தாய்வு முடிந்து வந்த பிள்ளையிடம் உறவுக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவார்கள். பதினேழு வயதில், வாழ்க்கை தொடங்கும் முன்பே, “இவன் இவ்வளவுதான்” என்று ஒரு முத்திரை விழும். அந்த முத்திரையை நெற்றியில் சுமந்துகொண்டே நான்கு வருடம் பி.இ. படித்து முடிப்பவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. உனக்காகத்தான்.

கில்பி என்ன செய்தான்? பெற்றோர் படித்த இலினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். சேர்ந்த நான்காம் மாதம் போர் வந்தது. ராணுவம் அவனை எங்கே அனுப்பியது தெரியுமா? நம் நாட்டின் வடகிழக்கு மூலைக்கு. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்த முகாமில் ரேடியோ பழுதுபார்த்தான். போர் முடிந்து திரும்பிப் போய் 1947-இல் பட்டம் வாங்கினான். வெற்றிடக் குழாய்களைப் பற்றி அவன் படித்து முடித்த அதே ஆண்டின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. படித்த பாடம் பழங்கதை ஆகிவிட்டது. அழுதுகொண்டு உட்காரவில்லை. மில்வாக்கியில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படித்தான். புதியதைப் புதிதாகவே கற்றான்.

1958-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தான். ஜூலை மாதம் அங்கே எல்லோரும் ஒட்டுமொத்தமாக விடுமுறையில் போய்விடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவனுக்கு விடுப்பு கிடையாது. ஆளில்லாத ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்தான். டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து கம்பியால் பற்றவைத்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லாவற்றையும் ஒரே பொருளில், ஒரே துண்டில் செய்தால் என்ன? செப்டம்பர் 12 அன்று, அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு ஜெர்மானியத் துண்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி மேலதிகாரிகள் முன்னால் வைத்தான். சுவிட்சைப் போட்டதும் ஆசிலாஸ்கோப் திரையில் அலை எழுந்தது. உலகின் முதல் ஒருங்கிணைந்த மின்சுற்று. இன்று உன் கைபேசிக்குள் இருக்கும் சிப்பின் முப்பாட்டன்.

இதோடு கதை முடியவில்லை. சில மாதங்கள் கழித்து கலிஃபோர்னியாவில் ராபர்ட் நாய்ஸ் என்பவர் அதே எண்ணத்துக்குத் தனியாக வந்து சேர்ந்தார். அவர் சிலிக்கானில் செய்தார். பெரிய அளவில் தயாரிக்க ஏற்ற வழி அவருடையதுதான். நாய்ஸ் எங்கே படித்தவர்? எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். எம்.ஐ.டி.க்குள் போனவரும், எம்.ஐ.டி.யால் மூன்று மதிப்பெண்ணில் திருப்பி அனுப்பப்பட்டவரும் அரை வருட இடைவெளியில் ஒரே சிகரத்தில் நின்றார்கள்! நாய்ஸ் 1990-இல் மறைந்தார். 2000-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கில்பியின் கைக்கு வந்தது.

இப்போது சொல். அந்த மூன்று மதிப்பெண் எதை அளந்தது?

அமெரிக்காவின் முதல்தரப் பொறியியல் பல்கலைக்கழகங்கள் என்று சொன்னதும் உன் வாயிலிருந்து வரும் முதல் வரி எனக்குத் தெரியும். “அதெல்லாம் நமக்கு எங்கே சார்?” இந்த வரியை இன்றோடு நாக்கிலிருந்து துடைத்துவிடு. இது அடக்கம் இல்லை. பயம் அடக்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டடங்களை யார் யாருக்காகக் கட்டினார்கள் என்று தெரிந்தால் நீ அந்த வரியைச் சொல்லவே மாட்டாய்.

1862. அமெரிக்கா உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த நேரம். ஜூலை 2 அன்று ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்தவர் ஜஸ்டின் மோரில், வெர்மான்ட் மாநிலத்துக் கொல்லர் ஒருவரின் மகன். கல்லூரி வாசலை மிதிக்காதவர். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அரசு நிலம் தரப்படும். அந்த வருவாயில் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் சொல்லித்தரும் கல்லூரி அமைக்க வேண்டும். அதுவரை கல்லூரி என்றால் பாதிரிமாருக்கும் வழக்கறிஞர்களுக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான். ஏர் பிடிப்பவன் மகனும் பட்டறையில் சம்மட்டி அடிப்பவன் மகனும் படிக்க வேண்டும் என்று எழுதிய சட்டம் இது. அந்த நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

அந்தச் சட்டத்தின் பயனைப் பெற்றவை எவை? இலினாய். பர்டியூ. விஸ்கான்சின். கார்னெல். பெர்க்லியை உள்ளடக்கிய கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம். டெக்சாஸ் ஏ அண்ட் எம்; அந்த இரண்டு எழுத்தும் ஆரம்பத்தில் குறித்தது வேளாண்மையையும் இயந்திரத் தொழிலையும்தான். எம்.ஐ.டி.யும் அந்தச் சட்டத்தின் பங்கைப் பெற்றதுதான். நீ அண்ணாந்து பார்த்து நடுங்குகிறாயே, அந்தக் கோபுரங்களில் பாதிக்கு அடித்தளம் போட்டது விவசாயி வீட்டுப் பிள்ளைக்காக. உன் அப்பா உழவரா? லேத் பட்டறையில் வேலை செய்பவரா? அப்படியென்றால் அந்தப் படிகளில் ஏறக் கூச்சப்பட வேண்டிய கடைசி ஆள் நீதான்.

எம்.ஐ.டி.யின் சின்னத்தைப் பார்த்திருக்கிறாயா? அதில் ஒரு உழைப்பாளியும் ஓர் அறிஞரும் நிற்பார்கள். சம்மட்டி பிடித்தவர் ஒரு பக்கம், புத்தகம் பிடித்தவர் மறுபக்கம். கீழே இருக்கும் லத்தீன் வாசகத்தின் பொருள்: மனமும் கையும். 1861-இல் வில்லியம் பார்ட்டன் ராஜர்ஸ் அதைத் தொடங்கியபோது வைத்த கொள்கை அது. கை அழுக்காகாமல் வரும் அறிவை அங்கே முழு அறிவென்று ஒப்புக்கொள்வதில்லை. நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? ஆய்வக நோட்டில் முந்தைய வருடத்து அண்ணன் எழுதிய அளவுகளை அப்படியே பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். வோல்ட்மீட்டரின் முள் ஆடுவதைக்கூடப் பார்க்காமல் “முடிவு: சரிபார்க்கப்பட்டது” என்று எழுதுகிறோம். தம்பி, அங்கே நுழைய உனக்குத் தடையாக இருப்பது உன் ஊரும் இல்லை, உன் கல்லூரியின் பெயரும் இல்லை. அந்த நோட்டுதான் தடை. அதை இன்றே நிறுத்து.

அதே எம்.ஐ.டி.யில் 20-ஆம் எண் கட்டடம் என்று ஒன்று இருந்தது. 1943-இல், போர்க்காலத்தில், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசர அவசரமாக மரத்தில் கட்டியது. போர் முடிந்ததும் இடித்துவிடலாம் என்றுதான் திட்டம். கோடையில் வெக்கை, குளிர்காலத்தில் காற்று, மரப்பலகைச் சுவர். ஆனால் அங்கே யாரும் எதற்கும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு கருவி உயரமாக இருக்கிறதா, மேல்தளத்தில் ஓட்டை போடு. அறை போதவில்லையா, சுவரைத் தட்டிவிடு. அடுத்த அறையில் மொழியியல்காரர், அதற்கு அடுத்ததில் மின்பொறியாளர், நடைவழியில் மோதிக்கொண்டு பேசிக்கொண்டார்கள். 1998-இல் இடிக்கும் வரை, ஐம்பத்தைந்து வருடம், நவீன அறிவியலின் எத்தனையோ பிரசவங்களுக்கு அந்தக் கொட்டகைதான் மருத்துவமனை. “எங்கள் கல்லூரியில் வசதி இல்லை” என்று புலம்பும்போதெல்லாம் அந்த மரக்கொட்டகையை நினைத்துக்கொள். உங்கள் கல்லூரியில் பழைய லேத் ஒன்று மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். சாவியைக் கேட்டு வாங்கு. முதல்வர் தரமாட்டேன் என்றால் மறுநாளும் போய்க் கேள். மூன்றாம் நாளும் போ.

பாசடீனாவில் கால்டெக். இளநிலை மாணவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். நம் ஊர்ப் பெரிய மேல்நிலைப் பள்ளியில் இதைவிட அதிகம் பேர் படிப்பார்கள். அங்கே தேர்வுத்தாளை அறைக்கு எடுத்துப் போகலாம். கடிகாரத்தைப் பார்த்து, இத்தனை மணி நேரம் என்று தானே கணக்கு வைத்து, புத்தகத்தைத் திறக்காதே என்று போட்டிருந்தால் திறக்காமல், தனியாக எழுதித் தர வேண்டும். கண்காணிப்பாளர் இல்லை. பறக்கும் படை இல்லை. உன் மானம்தான் உனக்குக் காவல். அந்த நம்பிக்கைக்கு நீ தகுதியானவனா என்று உன்னையே கேட்டுப் பார். யாரும் பார்க்காத அறையில் நீ நேர்மையாக இருப்பாய் என்றால், உன் மதிப்பெண் பட்டியலில் இல்லாத ஒரு தகுதி உன்னிடம் இருக்கிறது.

1936-இல் அந்தக் கால்டெக்கின் ஓர் ஆராய்ச்சி மாணவர், ஃபிராங்க் மலினா, ராக்கெட் செய்ய வேண்டும் என்று கிளம்பினார். அந்தக் காலத்தில் ராக்கெட் என்றால் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அது கதைப் புத்தகச் சமாச்சாரம். அவரோடு சேர்ந்த ஜாக் பார்சன்ஸும் எட் ஃபோர்மனும் கால்டெக் மாணவர்களே இல்லை, பட்டம் வாங்காதவர்கள். தியோடர் ஃபான் கார்மன் என்ற மாபெரும் பேராசிரியர் இவர்களை விரட்டவில்லை, தோள்கொடுத்தார். ஊருக்கு வெளியே வறண்ட ஆற்றுப் படுகையில் சோதித்தார்கள். தோற்றார்கள். குழாய் தீப்பிடித்தது. மறுபடி வந்தார்கள். அந்த ஆற்றுப் படுகையை ஒட்டித்தான் இன்று ஜெட் உந்துவிசை ஆய்வகம் நிற்கிறது. செவ்வாயில் ஊர்திகளை ஓடவிட்டதும், விண்மீன்களுக்கு இடையிலான வெளிக்கு வாயேஜரை அனுப்பியதும் அந்த ஆய்வகம்தான்.

இனி தரவரிசைப் பட்டியலுக்கு வருகிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பட்டியல் வரும். முதல் வரிசையில் எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி என்று இருக்கும். பின்னால் ஜார்ஜியா டெக், கார்னெகி மெலன், இலினாய், மிச்சிகன், பர்டியூ, கால்டெக் எல்லாம் இடம் மாறி மாறி நிற்கும். நீ அதை மனப்பாடம் செய்கிறாய். போன வருடம் ஆறு, இந்த வருடம் எட்டு என்று கவலைப்படுகிறாய். ஆராய்ச்சிக்கு வரும் பணம், மற்றப் பேராசிரியர்கள் வைத்திருக்கும் மதிப்பு, இப்படிச் சிலவற்றைக் கூட்டிக் கழித்துப் போட்ட கணக்கு அது. உனக்குள் எரியும் கேள்வி எது என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியுமா?

கேள்வியைப் பிடி. அதற்கான ஆய்வகம் எங்கே இருக்கிறதோ அதுதான் உனக்கு முதல் இடம். வானுயரக் கட்டடமா? டாக்காவிலிருந்து ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1952-இல் உதவித்தொகையில் போய்ச் சேர்ந்தது சோளக்காட்டுக்கு நடுவே அர்பானா-ஷாம்பெய்னில் இருக்கும் அதே இலினாய் பல்கலைக்கழகத்துக்கு. மூன்றே வருடத்தில் இரண்டு முதுகலையும் ஒரு முனைவர் பட்டமும் வாங்கினார். குழாய்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போன்ற ஒரு கட்டமைப்பை யோசித்தார். சிகாகோவின் சியர்ஸ் கோபுரம், 110 மாடி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு உலகத்திலேயே உயரமாக நின்றது அவர் கணக்கில்தான். உயரக் கட்டடங்களின் எலும்புக்கூட்டையே மாற்றியவர் ஒரு வங்காளி.

ரோபோவா? கார்னெகி மெலனுக்குப் போ. அங்கே 1979-இல் ரோபோட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கி முதல் இயக்குநராக இருந்தவர் யார் தெரியுமா? ராஜ் ரெட்டி. ஆந்திரத்தின் காட்டூர் கிராமத்தில் பிறந்தவர். 1958-இல் நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் இன்ஜினீயரிங் முடித்தவர். ஆம், சிவில்! ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு போய், 1966-இல் கணினி அறிவியலில் முனைவரானார். இயந்திரத்துக்கு மனிதப் பேச்சைக் கேட்கச் சொல்லிக்கொடுத்த முன்னோடிகளில் ஒருவர். 1994-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருதைப் பெற்ற முதல் ஆசியர். “நான் சிவில் எடுத்துவிட்டேன், இனி ஒன்றும் முடியாது” என்று என்னிடம் சொல்லாதே. கிண்டியில் அவர் நடந்த அதே மரத்தடியில் இன்றும் யாரோ ஒரு பையன் அதையேதான் சொல்லிக்கொண்டு நடக்கிறான்.

விண்வெளியா? பர்டியூ. இந்தியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1955-இல் அங்கே பட்டம் பெற்றவர். 1972-இல் நிலவிலிருந்து கடைசியாகக் கிளம்பிய ஜீன் செர்னனும் அங்கே படித்தவர். ஆம்ஸ்ட்ராங்குக்கு எம்.ஐ.டி.யிலும் இடம் கிடைத்திருந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே பொறியாளர் எம்.ஐ.டி.யில் படித்தவர், நல்ல கல்விக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நம் ஊராக இருந்தால்? “கிடைத்த எம்.ஐ.டி.யை விட்டுவிட்டு இவன் எங்கேயோ போகிறானே” என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டிருப்போம். நிலவுக்குப் போகிற பாதை அந்தச் சின்ன ஊர் வழியாகத்தான் போயிற்று.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பெயருக்குப் பின்னால் ஓடாதே என்கிறேன். பெரிய இடத்துக்கு விண்ணப்பிக்காதே என்று சொல்லவே இல்லை. விண்ணப்பி! எம்.ஐ.டி. நூறு பேரில் ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னும் கடினம். தெரிந்தே விண்ணப்பி. இளநிலையில் அங்கே இடம் கிடைத்துவிட்டால், குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியுமோ அதற்கு மேல் உள்ளதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்கும் அதே விதிதான். “பணம் இருப்பவன்தான் போக முடியும்” என்று நம்பி, விண்ணப்பப் படிவத்தைக்கூடத் திறக்காமல் விட்ட ஏழை வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

பணம் பற்றி இன்னும் பச்சையாகப் பேச வேண்டும். எம்.எஸ். படிப்புக்குப் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். முனைவர் பட்டம் அப்படி இல்லை. முன்னணிப் பொறியியல் துறைகளில் முனைவர் பட்ட மாணவருக்கு வழக்கமாகக் கட்டணமும் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. ஆராய்ச்சியிலோ கற்பிப்பதிலோ உதவி செய்ய வேண்டும். பி.இ. முடித்த கையோடு நேரடியாக முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கப் பல துறைகளில் வழி இருக்கிறது. இதை எந்த ஏஜென்ட்டும் உன்னிடம் அழுத்திச் சொல்வதில்லை. ஏன்? அதில் அவனுக்குக் கமிஷன் இல்லை. பெயர் தெரியாத ஒரு கல்லூரிக்கு, அப்பாவின் நிலத்தை விற்று, அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்து, நாற்பது லட்சம் கடன் வாங்கி உன்னை விமானம் ஏற்றினால்தான் அவனுக்கு வரும்படி. ஏஜென்ட் தரும் பட்டியலிலிருந்து கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதே. கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன், அந்தத் துறையில் யார் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள், படித்து வெளியே வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நீயே தேடிப் படி. தேடத் தெரியாதவனுக்கு ஆராய்ச்சியும் வராது.

வீட்டை விட்டு நகர முடியாத சூழ்நிலையா? தம்பி தங்கையைப் படிக்க வைக்க வேண்டுமா? ஜார்ஜியா டெக் 2014-லிருந்து கணினி அறிவியல் முதுகலையை இணையம் வழியாகவே நடத்துகிறது. மொத்தக் கட்டணம் ஏறத்தாழ 7,000 டாலர். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து அந்தப் பட்டத்தை வாங்கலாம். எம்.ஐ.டி. தன் பாடங்களை உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிடப் போவதாக 2001-இல் அறிவித்தது. அவர்களுடைய வகுப்பறை உன் கைபேசியில் இருபது வருடமாகத் திறந்தே கிடக்கிறது. தினம் எத்தனை மணி நேரம் அதே கைபேசியில் என்ன பார்க்கிறாய்? கோபப்படாதே, பதில் சொல்.

ஆங்கிலம் வராது என்கிறாயா? ஆண்டி குரோவ் என்று ஒருவர். ஹங்கேரி நாட்டு யூதர். குழந்தைப் பருவத்தில் நாஜிகளிடமிருந்து ஒளிந்து பிழைத்தவர். ஸ்கார்லெட் காய்ச்சலில் காது பாதி கேட்காமல் போனவர். இருபது வயதில் அகதியாக எல்லை தாண்டி ஓடி, 1957-இல் நியூயார்க் வந்து இறங்கினார். சேர்ந்தது எந்தப் பட்டியலிலும் முதலில் வராத நியூயார்க் சிட்டி காலேஜ். நகரத்து ஏழைப் பிள்ளைகள் கட்டணமில்லாமல் படித்த கல்லூரி. அரைகுறைக் காது, அந்நிய மொழி. 1960-இல் வேதிப் பொறியியலில் பட்டம். 1963-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம். பிறகு இன்டெல் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர். வசதி வந்தபின் தன் பழைய கல்லூரிக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்தார். அங்கே பொறியியல் பள்ளி இன்று அவர் பெயரில் இருக்கிறது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற உனக்கு ஆங்கிலம் ஒரு மலையா? அது ஒரு கருவி. ஸ்பானரைப் பழகுவது போலப் பழகு. தினமும் ஒரு ஆய்வுக் கட்டுரை, புரியாத சொல்லுக்கு அடியில் கோடு, இரவில் அகராதி. ஆறு மாதம் செய்து பார்.

தங்கையே, உன்னிடம் தனியாக ஒரு சொல். 1870-இல் எலன் ஸ்வாலோ என்ற பெண் எம்.ஐ.டி.யில் சேர்ந்தாள். அங்கே நுழைந்த முதல் பெண். அவளிடம் கட்டணம் வாங்கவில்லை. ஏழை என்பதற்காக என்று அவள் நினைத்துக்கொண்டாள். உண்மை பிறகுதான் தெரிந்தது: யாராவது எதிர்த்தால், “அவள் மாணவியே இல்லை” என்று தலைவர் சொல்லித் தப்பிக்க வசதியாகப் பதிவேட்டில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். அந்த அவமானத்தை விழுங்கிவிட்டுப் படித்து 1873-இல் பட்டம் வாங்கினாள். மாசசூசெட்ஸ் மாநிலம் முழுக்கத் தண்ணீரைச் சோதித்து, குடிநீரின் தரத்துக்கு அந்த நாட்டில் முதல் அளவுகோல் பிறக்கக் காரணமானாள். நூறு வருடம் கழித்து கர்னாலிலிருந்து கல்பனா சாவ்லா கிளம்பினாள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் கிளை, பிறகு கொலராடோ. இரண்டுமே உன் அத்தை மாமா பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர்கள் இல்லை. அங்கிருந்துதான் விண்ணுக்குப் போனாள். “பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது” என்று வீட்டில் யாராவது கேட்டால், கர்னாலுக்கும் வானத்துக்கும் எவ்வளவு தூரம் என்று திருப்பிக் கேள்.

வயதாகிவிட்டது என்பவர்களும் இருக்கிறார்கள். முப்பத்திரண்டு, திருமணமாகிவிட்டது, குழந்தை இருக்கிறது, இனி எங்கே என்பார்கள். பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் இளம் வயதிலேயே கடற்படைக்குப் போனவர். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை நாட்டுக்காக உருவாக்கியவர். ஓய்வுபெற்று ஸ்டான்ஃபோர்டுக்குப் போனபோது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். அந்த வயதில் அங்கே, பல ஆண்டெனாக்களால் ஒரே நேரத்தில் பல தகவல் ஓடைகளை அனுப்பலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தார். பலர் நம்பவில்லை. இன்று வைஃபையும் நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைபேசிகளும் அந்த எண்ணத்தின் மேல்தான் ஓடுகின்றன. 2014-இல் மார்கோனி பரிசு.

விண்ணப்பம் எழுதும் நேரம் வரும்போது ஒன்றே ஒன்றை நினைவில் வை. நோக்க அறிக்கை என்று ஒரு தாள் கேட்பார்கள். மாதிரிகள் இணையத்தில் ஆயிரம் கிடைக்கும். “சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் என்னை ஈர்த்தன” என்று ஆரம்பிக்கும். அதை எழுதாதே! கில்பி வளர்ந்த கதை தெரியுமா? கான்சாஸில் அவனுடைய அப்பா சிறிய மின் நிறுவனம் ஒன்றை நடத்தினார். ஒருமுறை பனிப்புயலில் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் அறுந்து விழுந்தன. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த வாடிக்கையாளர்களின் நிலையை அறிய, அப்பா அமெச்சூர் ரேடியோக்காரர்களின் உதவியை நாடினார். காற்றில் குரல் வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தான் பையன். அங்கே பற்றிக்கொண்டது. உனக்கு எங்கே பற்றிக்கொண்டது? பம்ப் செட் மோட்டார் எரிந்து வயல் காய்ந்த அன்றா? வார்தா புயலுக்குப் பின் கரண்ட் இல்லாமல் கிடந்த ராத்திரியிலா? ஆஸ்பத்திரியில் பாட்டிக்கு வைத்த கருவி பாதியில் நின்ற நிமிடத்திலா? அதை எழுது. உனக்கு மட்டுமே நடந்ததை, நீ கையால் செய்து பார்த்ததை, செய்து தோற்றதை எழுது. ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைப் பல துறைகள் இப்போது கேட்பதே இல்லை. ஆனால் உன்னோடு ஆய்வகத்தில் நின்ற ஆசிரியர் உன்னைப் பற்றி உண்மையாக எழுதும் அரைப்பக்கம் எல்லா இடத்திலும் எடைபோடப்படும். அப்படி எழுத ஓர் ஆசிரியராவது உன்னை அறிந்திருக்கிறாரா? இல்லையென்றால் நாளைக்கே போய் அவர் ஆய்வக வாசலில் நில்.

பத்து இடத்துக்கு விண்ணப்பித்தால் எட்டிலிருந்து மறுப்பு வரலாம். வரட்டும். சுந்தர் பிச்சை முதன்முதலில் விமானம் ஏறியது ஸ்டான்ஃபோர்டுக்குப் போகத்தான். அந்த டிக்கெட்டுக்கு அப்பா ஏறத்தாழ ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்தார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே அவர் படிக்கப் போனது பொருளறிவியல். முனைவர் பட்டம் என்று கிளம்பியவர் முதுகலையோடு வேலைக்கு வந்தார். திட்டமிட்ட பாதை திட்டமிட்டபடி யாருக்கும் போகவில்லை. உனக்கும் போகாது. மறுப்புக் கடிதம் வந்த ராத்திரி தூங்கு. காலையில் எழுந்து அடுத்த விண்ணப்பத்தைத் திற.

பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பரில் வரும். அதுவரை காத்திருக்காதே. உங்கள் வீட்டு அடுக்களையில் ஓடாமல் கிடக்கும் மிக்ஸி ஒன்று இருக்கும். பரணில் பழைய டேபிள் ஃபேன் இருக்கும். அதை இறக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திற. சுருள் கருகியிருக்கிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, கெப்பாசிட்டர் போய்விட்டதா பார். ஏன் போனது என்று ஒரு பக்கம் எழுது, தமிழிலேயே எழுது. அடுத்த முறை போகாமல் இருக்க எதை மாற்றுவாய் என்று இன்னொரு பக்கம் எழுது. அம்மாவிடம் காட்டு. தேதி போட்டு வை. உன் முதல் நோக்க அறிக்கையின் முதல் வரி அங்கிருந்துதான் வரப்போகிறது.

திருப்புளி எங்கே? எடு.